ராணுவ மக்கள் தொடர்புப் பிரிவினருக்கு ஒரு நினைவு உதவித்தொகை: பிஸ்கட் டின்னிலிருந்து வங்கிக் கணக்கு வரை

மாமாவின் கருமாதி முடிந்து வாசலில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை உள்ளேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். திறந்தால் முழுக்கப் படங்கள். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழவியைத் தூக்கும் சிப்பாய், சமையல்கூடத்தில் வெங்காயம் உரிக்கும் பையன்கள், அணிவகுப்பில் மயங்கி விழுந்தவனுக்கு விசிறும் கோப்பரல். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் நான்கு வரி: யார், என்ன பதவி, எங்கே, என்றைக்கு. மற்றதெல்லாம் மாமாவின் கையெழுத்து. பெயர் மட்டும் படத்துக்குப் படம் வேறு கையெழுத்தில் இருந்தது.

படத்தில் இருக்கிறவனையே பென்சிலை வாங்கி எழுத வைப்பாராம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர் அவர். அவருடைய அப்பா பெயர் தோட்டத்து செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) ஒரு மாதிரி, பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருந்தது. தோட்டத்து எழுத்தரான கிராணிக்குக் காதில் விழுந்ததுதான் பெயர். “அடுத்தவன் பேரை நானும் கெடுக்கணுமா?” என்று கேட்பார்.

இருபது வருடத்துக்கும் மேல் ராணுவத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் கேமராவும் நோட்டுமாக இருந்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவர். அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது ஒருவர் கோயிலில் உபயப் பலகை என்றார், இன்னொருவர் காற்பந்துக் கிண்ணம் என்றார். கடைசியில் அவர் செய்த அதே வேலையில் இன்று இருக்கும் இளையவர்கள் தொழிலை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ள ஓர் உதவித்தொகை என்று முடிவானது. பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. இதுவரை ஐந்து முறை கொடுத்திருக்கிறோம், அதில் இரண்டு முறை சொதப்பியிருக்கிறோம். இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் இதே வேலையில் இறங்கினால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நன்கொடை கேட்கப் போகும் இடத்தில் முதல் கேள்வியே “ராணுவத்துக்கு எதுக்குப் பத்திரிகை வேலை?” என்பதுதான். பதில் சொல்லத் தெரியாமல் போகாதீர்கள்.

எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு வருடமும் துப்பாக்கிக்குச் சமமாகச் செய்தியும் வேலை பார்த்தது. காட்டுக்குள் விமானத்திலிருந்து துண்டறிக்கைகளைக் கொட்டினார்கள், ஒலிபெருக்கி கட்டிய விமானத்திலிருந்து பேசினார்கள். தோட்டங்களுக்கு வேன் வந்து திரை கட்டிப் படம் காட்டிவிட்டு, நடுவில் அரசாங்கச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போகும். அதெல்லாம் மனப்போர். எதிராளியின் மனத்தை அசைப்பதற்காகச் செய்தது.

இன்றைய மக்கள் தொடர்பு அதிலிருந்து வேறுபட்டது, இந்த வித்தியாசத்தை நன்கொடையாளரிடம் அழுத்திச் சொல்லுங்கள். சொந்த நாட்டு மக்களுக்கும் பத்திரிகைக்கும் நடந்ததை நடந்தபடி, தாமதமில்லாமல், ரகசியம் கெடாமல் சொல்வதுதான் இவர்கள் வேலை. அதில் பயிற்சி குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2014 மார்ச்சில் எம்.எச்.370 பயணிகள் விமானம் காணாமல் போனபோது நாமே பார்த்தோம். ராணுவ ராடாரில் தெரிந்தது என்ன என்பது பற்றி முதல் சில நாள்களில் வந்த தகவல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. உலகத்துப் பத்திரிகையாளர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்த அறையில் அந்தக் குழப்பம் நடந்தது. நெருக்கடி நேரத்தில் பேசுவது தனிப் படிப்பு. வாய் நன்றாகப் பேசுகிறவரைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இதை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. ஹில்டா கிளேட்டன் அமெரிக்க ராணுவத்தின் புகைப்படக்காரர், வயது 22. 2013 ஜூலை 2 அன்று ஆப்கானிஸ்தானில் ஒரு பீரங்கிப் பயிற்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மோர்ட்டார் குழாய் வெடித்து இறந்தார். இறக்கும் கணத்திலும் அவர் கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. அவர் பெயரில் அங்கே ராணுவப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு போட்டியை ஏற்படுத்தினார்கள். மற்றவர்கள் சிலை வைக்கும் இடத்தில் அவர்கள் தொழிலையே வைத்தார்கள். நாங்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

படி 1: நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

எங்கள் வரி இதுதான்: “ராணுவ, கடற்படை, விமானப்படை மக்கள் தொடர்புப் பணியில் இருக்கும் சாதாரணப் படையினர் எழுத்து, புகைப்படம், ஒளிப்பதிவு, ஊடகத் தொடர்பு ஆகியவற்றில் ஒரு படிப்போ பயிற்சியோ முடிக்க ஆண்டுக்கு ஒருவருக்கு உதவி.”

இதில் ‘சாதாரணப் படையினர்’ என்ற சொல்லுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டோம். அதிகாரிகளுக்குப் பயிற்சிக்குப் போக ஏதாவது வழி கிடைக்கும், கீழ்நிலையில் இருக்கும் பிரைவேட்டுக்கும் கோப்பரலுக்கும் கிடைப்பது குறைவு என்பது மாமாவோடு வேலை பார்த்தவர்களின் அனுபவம். அதனால் அந்தச் சொல்லை வைத்தோம்.

இனத்தைப் பற்றிய கேள்வியும் வரும், வராமல் இருக்காது. ராணுவத்தில் நம் பிள்ளைகள் குறைவு, இந்தியருக்கு மட்டும் என்று வைக்கலாமே என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டின்னில் இருந்த படங்களின் பின்னால் பெயர் எழுதியவர்களில் மலாய்க்காரர், சீனர், சரவாக்கின் இபான், நம்மவர் எல்லாரும் இருந்தார்கள். அவருடைய நிதியை அவரே ஒத்துக்கொள்ளாத மாதிரி நடத்துவதா? அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார்: “எல்லாருக்கும்.” நம் பிள்ளைகளுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்றால் அறிவிப்பைத் தமிழிலும் போடலாம், தமிழ்ப்பள்ளி பழைய மாணவர் சங்கங்களுக்கு அனுப்பலாம். தகுதியை மட்டும் குறுக்காதீர்கள்.

படி 2: கணக்கு

நினைவு நிதி என்றதும் எல்லாரும் ‘அசலைத் தொடாமல் வட்டியில் கொடுப்போம்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். நிரந்தர வைப்பில் ஆண்டுக்கு 3 விழுக்காடு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 30,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வருவது 900. அதை வைத்து ஒரு நல்ல பயிற்சிக்குக்கூட முழுசாகக் கட்ட முடியாது. ஆண்டுக்கு 3,000 கொடுக்க வேண்டும் என்றால் 1,00,000 வெள்ளி முடங்கிக் கிடக்க வேண்டும். அதே 30,000 வெள்ளியில் அசலும் வட்டியுமாக ஆண்டுக்கு 3,000 கொடுத்துக்கொண்டே வந்தால் ஏறக்குறைய 12 ஆண்டு ஓடும். பன்னிரண்டு பேர் படித்து முடிப்பார்கள்.

என் யோசனை, சின்ன நிதிக்கு இரண்டாவது வழிதான். என்றென்றும் நிலைக்கும் என்று சொல்லிவிட்டு, ஆண்டுக்கு 300 வெள்ளியும் ஒரு மாலையும் கொடுக்கும் நிதிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

பணம் சேர்ப்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. துன் வீ.தி.சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் வாங்கித்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். நாங்களும் பெரிய கை ஒன்றைத் தேடி அலையவில்லை. மாமாவோடு பணி செய்தவர்கள், லயத்தில் கூட வளர்ந்தவர்கள், பிள்ளைகள் என்று மாதம் 20 வெள்ளி தானாகவே வங்கியிலிருந்து போகும்படி எழுதிக்கொடுக்கச் சொன்னோம். கோயில் திருவிழாவில் உண்டியல் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது நிறுத்தினேன். வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நல்ல காரியம்தானே என்று டின்னைக் குலுக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது.

படி 3: சட்டப்படி எங்கே உட்காருவது

நான்கு வழி இருக்கிறது.

குடும்பம் தன் சொந்தப் பணத்தில், ஆண்டுக்கு ஒருவரின் கட்டணத்தைப் படிக்கும் இடத்தில் நேராகக் கட்டிவிடலாம். பதிவு, கூட்டம், தொல்லை எதுவும் இல்லை. பணம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது என்றால் இதையே செய்யுங்கள், மீதியைப் படிக்கக்கூடத் தேவையில்லை.

வெளியாரிடம் பணம் வாங்கினால் சங்கமாகப் பதிவு செய்யலாம். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். சட்டவிதி எழுதி சங்கப் பதிவிலாகாவில் இணையம் வழி விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் ஆண்டுக் கூட்டம், அது முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை. இந்த அறுபது நாளை மறந்து பெயர் வெட்டப்பட்ட சங்கங்கள் நம்மிடையே எத்தனை என்று எண்ணவே வேண்டாம்.

பெரிய தொகை என்றால் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறங்காவலர் குழுவாகவோ, 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் உத்தரவாத நிறுவனமாகவோ பதியலாம். வழக்கறிஞரும் கணக்காய்வாளரும் தேவைப்படுவார்கள். நன்கொடையாளருக்கு வருமானவரிக் கழிவு கிடைக்க வேண்டும் என்றால் 1967-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமானவரி வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். மாதம் 20 வெள்ளி கொடுப்பவர் யாரும் வரிக்கழிவு கேட்கவில்லை. அதனால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

நாங்கள் எடுத்தது நான்காவது வழி. ஏற்கெனவே பதிவுள்ள ஒரு சங்கத்தின் நிழலில், தனி வங்கிக் கணக்கு, தனித் துணைக்குழு, செயற்குழுத் தீர்மானம். அந்தச் சங்கத்தின் சட்டவிதியில் கல்வி உதவி என்ற நோக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு சங்கம் தேடுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

ஒருவருடைய சொந்தக் கணக்கில் மட்டும் நிதியைப் போட்டு வைக்காதீர்கள். மாமா போனபின் அவர் கணக்கிலிருந்து காசு எடுக்க அத்தை எத்தனை முறை ஈப்போவுக்கு பஸ் ஏறினார் என்பது எங்களுக்குத் தெரியும்.

படி 4: முகாமின் வாசல்

கல்லூரி மாணவனுக்கான உதவித்தொகைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். மாணவன் தன் நேரத்துக்குத் தானே சொந்தக்காரன், சிப்பாய் அப்படி இல்லை. படிப்புக்குப் போகலாமா, எப்போது போகலாம் என்பதை முடிவு செய்வது அவருடைய மேலதிகாரி. பணியில் உள்ளவர் வெளியாரிடமிருந்து பணம் வாங்குவது தனி விவகாரம். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இருக்கிறது, படைக்குள்ளும் விதிகள் இருக்கின்றன. நல்ல எண்ணத்தில் கொடுத்த 3,000 வெள்ளி ஒரு பையனின் சேவைப் பதிவில் கறையாகிவிடக் கூடாது.

முதல் வருடம் நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. தேர்வான கோப்பரலை ஊருக்கு வரவழைத்து, மாலை போட்டு, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, தோசை போட்டு அனுப்பினோம். பையன் நெளிந்துகொண்டே நின்றான். வெட்கம் என்று நினைத்தோம். போகும்போதுதான் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, மேலே கேக்காம வாங்கிட்டேன். படத்தை எங்கேயும் போட்டுடாதீங்க” என்றான். அப்புறம் பணத்தைத் திரும்ப வாங்கி, அவன் அனுமதி எடுத்து, படிக்கும் இடத்தில் கட்டி முடிப்பதற்குள் நான்கு மாதம் ஆயிற்று.

இப்போது நாங்கள் நடந்துகொள்ளும் முறை வேறு. உதவித்தொகையை அறிவிப்பதற்கு முன்பே அதன் விதிகளை மலாயில் இரண்டு பக்கமாக எழுதி, படையின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு முறையான கடிதமாக அனுப்பினோம். பணம் யாருடையது, நிபந்தனை என்ன, பதிலுக்கு நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது, கட்டணம் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்கே போகும் என்பது, இவை நான்கும் அதில் இருந்தன. பதில் வர நாளானது. விரட்டவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் தனக்குப் பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது, ஒரு போனில் முடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றோம், அதற்காக அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இரண்டு தாள் கட்டாயம்: வெளி உதவியை ஏற்கலாம் என்று பிரிவுத் தலைமையின் எழுத்து அனுமதி, பயிற்சி நாள்களுக்கு விடுவிக்கப்படுவார் என்ற கடிதம். ராணுவ அடையாள அட்டையின் நகலைக் கேட்காதீர்கள். அது நம் கோப்பில் கிடக்க வேண்டிய பொருள் இல்லை. பிரிவின் கடிதமே ஆள் யார் என்பதற்குப் போதுமான சான்று.

படி 5: எதற்குக் கொடுப்பது

நீண்ட படிப்பு, குட்டிப் பயிற்சி இரண்டுக்கும் இடம் வைக்கலாம். மலேசியப் பொதுத் தொடர்புக் கழகம் 1962-இல் தொடங்கியது, தொழிலில் இருப்பவர்களுக்கான பயிற்சிகளை நடத்துகிறது. மலேசியப் பத்திரிகைக் கழகம் எழுத்துப் பயிற்சிக்கு. அங்காசாபுரியில் துன் அப்துல் ரசாக் பெயரில் இருக்கும் ஒலிபரப்பு, தகவல் பயிற்சிக் கழகம் வானொலி, தொலைக்காட்சி சார்ந்தவற்றுக்கு. பட்டம் வேண்டும் என்றால் யு.ஐ.டி.எம். (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஊடகப் படிப்பு இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்க மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவை இருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒரு கதவு உண்டு: அனுபவத்தை வைத்துப் படிப்பில் சேரும் ‘ஆப்பல்’ முறை, மலேசியத் தகுதி முகமையின் கீழ் நடப்பது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மோடு படையில் சேர்ந்து பத்து வருடம் கேமரா தூக்கியவர், 21 வயது ஆகியிருந்தால், அந்த அனுபவத்தை மதிப்பீடு செய்யச் சொல்லி இளங்கலைப் படிப்புக்கு வழி தேடலாம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு. எங்கள் நிதி அதையும் கட்டும். சின்னத் தொகைதான், ஆனால் முதல் படியில் கால் வைக்கத் தயங்குகிறவனுக்கு அதுவே பெரிசு.

ஓய்வுக்கு அருகில் இருப்பவர்களை நாங்கள் எடுப்பதில்லை. அவர்களுக்குத் தொழில் மாற்றப் பயிற்சி கொடுக்க சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் என்ற முன்னாள் படைவீரர் நல அமைப்பு இருக்கிறது. கேமரா வாங்கித் தரச் சொல்லி வரும் விண்ணப்பங்களையும் ஒதுக்கிவிடுவோம். பொருள் பழசாகும், அது யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் வரும்.

கட்டணத்துக்கு வெளியே ஆகும் செலவை மறக்காதீர்கள். ஒரு வாரப் பயிற்சிக்கு கோலாலம்பூர் போகிறவருக்கு தங்குமிடம், ரயில், சாப்பாடு எல்லாம் உண்டு. கட்டணத்தை நாம் கட்டிவிட்டோம் என்ற திருப்தியில் இருப்போம், அந்தப் பக்கம் அவர் கடன் வாங்கிக்கொண்டிருப்பார். மொத்தத் தொகையில் கால்வாசியை இதற்கென்று ஒதுக்கி, ரசீது பார்த்துக் கொடுக்கிறோம். அதற்கும் படி 4-இல் சொன்ன அனுமதி பொருந்த வேண்டும்.

படி 6: விண்ணப்பமும் தேர்வும்

பாரம் ஒரே தாள். மலாயில், பின்பக்கம் தமிழில். கட்டுரை கேட்பதில்லை. ‘நாட்டுக்கு என் பங்கு’ என்று ஆயிரம் சொல் எழுதச் சொன்னால் எல்லாரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள், இப்போது அதை எழுதித் தரக் கைத்தொலைபேசியே இருக்கிறது.

நாங்கள் கேட்பது ஏற்கெனவே வெளியான மூன்று படங்களும் அவற்றின் விளக்கக் குறிப்புகளும். ‘ஏற்கெனவே வெளியான’ என்பதில் கறாராக இருங்கள். 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் விளையாட்டு இல்லை. வெளியிடாத படம் ஒன்றை ஆர்வக்கோளாறில் அனுப்பிவிட்டால் அவருக்கும் வம்பு, நமக்கும் வம்பு. அமெரிக்கப் படையில் எதையும் வெளியிடுமுன் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: பாதுகாப்பு, துல்லியம், கொள்கை, பண்பு. எங்கள் தேர்வுக் குழுவும் அதே நான்கை வைத்துத்தான் படங்களைப் பார்க்கிறது.

படத்தின் அழகுக்கு மதிப்பெண் குறைவு. குறிப்புக்குத்தான் அதிகம். ஒரு வருடம் இரண்டு விண்ணப்பங்கள் கடைசிவரை வந்தன. முதலாவதில் சாயங்கால வெளிச்சத்தில் ஹெலிகாப்டர். நாள்காட்டியில் போடலாம், அவ்வளவு நேர்த்தி. கீழே: “வெள்ள மீட்புப் பணியில் நம் வீரர்கள்.” இரண்டாவது சுமாரான படம், கொஞ்சம் ஆட்டம்கூட இருந்தது. ஒரு பெண் சிப்பாய் படகிலிருந்து ஒரு தாத்தாவை இறக்குகிறார். கீழே சிப்பாயின் பதவி, முழுப் பெயர், பிரிவு. தாத்தாவின் பெயர், வயது, கம்பத்தின் (கிராமத்தின்) பெயர், நாள். அதோடு ஒரு வரி: தாத்தா தன் பெயரை இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொன்னார், மகளிடமும் உறுதிப்படுத்தப்பட்டது. குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்துபோய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

குழுவில் ஐந்து பேர். முன்னாள் மக்கள் தொடர்புப் படைவீரர் இருவர், இப்போது செய்தியாளராக இருப்பவர் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், குடும்பத்திலிருந்து ஒரே ஒருவர். விண்ணப்பதாரரைத் தெரிந்தவர் அந்தச் சுற்றில் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கோப்பிக்கடை பக்கத்திலேயே இருப்பதால் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

படி 7: பணத்தைக் கட்டுவது

கட்டணம் நிறுவனத்துக்கு நேராக, விலைச்சீட்டு பார்த்துப் போக வேண்டும். அதில் தள்ளிவைப்பு விதி என்ன என்று படியுங்கள். எங்கள் இரண்டாவது சொதப்பல் இது. நவம்பரில் கட்டினோம், பயிற்சி டிசம்பரில். டிசம்பர் என்றால் கிழக்குக் கரையில் மழை என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பையன் வெள்ள மீட்புக்குப் போய்விட்டான். பயிற்சி நடத்தியவர்கள் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தார்கள்.

அதற்கப்புறம் நவம்பர் முதல் ஜனவரி வரை தொடங்கும் எந்தப் பயிற்சிக்கும் முன்பணம் கட்டுவதில்லை. தேர்வானவருக்குப் பணத்துக்குப் பதில் ஓர் உறுதிக் கடிதம் கொடுக்கிறோம், 18 மாதம் செல்லும். பணிமாற்றம், வெள்ளம், லெபனானில் அமைதிப்படை என்று எது வந்தாலும் திரும்பி வந்து கடிதத்தை நீட்டினால் போதும். உதவித்தொகையைப் பள்ளி நாள்காட்டியை வைத்து நடத்தாமல் பணிப் பட்டியலை வைத்து நடத்துங்கள்.

முடித்தபின் சான்றிதழின் நகலும் ஒரு பக்கக் குறிப்பும் கேட்கிறோம். அவ்வளவுதான். ஆண்டுதோறும் வந்து மேடையில் பேச வேண்டும் என்றெல்லாம் கட்டிப்போடக் கூடாது.

விழாவும் எடுப்பதில்லை. ஒருமுறை உள்ளூர் அமைப்பு ஒன்று மண்டபம், சாப்பாடு எல்லாம் தருகிறோம், பின்னால் எங்கள் தலைவர் படத்தோடு பதாகை மட்டும் வைக்கிறோம் என்று வந்தது. படையில் இருப்பவரை அரசியல் வாசம் அடிக்கும் பதாகைக்கு முன்னால் நிறுத்தினால் அவர் கதி என்ன? நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம்.

விண்ணப்பிக்கிற தம்பி தங்கைகளுக்கு

முதலில் உங்கள் பிரிவில் கேளுங்கள், அப்புறம் எங்களிடம் வாருங்கள். கடிதம் கைக்கு வர நாளாகும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். எந்தப் பயிற்சி, எத்தனை நாள், என்ன கட்டணம், முடித்துவிட்டு வந்து பிரிவில் எதை மாற்றிச் செய்வீர்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும். “ஒளிப்பதிவு கற்க ஆசை” என்று எழுதுவதைவிட, “எங்கள் பிரிவில் காணொளிக்கு மலாயில் வசன வரி போட ஆளில்லை, அதற்காக” என்று எழுதுகிறவருக்கு முன்னுரிமை.

அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்க உதவுவீர்களா என்று கேட்டு எழுதுகிறார்கள். மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் முகாமில் இருக்கும் டிஃபென்ஸ் இன்ஃபர்மேஷன் ஸ்கூல்தான் அவர்களுடைய முப்படை மக்கள் தொடர்புப் பள்ளி, 1995 முதல் அங்கே இயங்குகிறது. வெளிநாட்டுப் படையினரும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் அது அரசுக்கும் அரசுக்கும் இடையே நடக்கும் ஏற்பாடு, தனி ஆள் பாரம் போட்டுப் போக முடியாது. உங்கள் பிரிவு வழியாக முயலுங்கள். நாங்கள் செய்யக்கூடியது, அதற்கு முன் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராக வேண்டுமானால் அந்த வகுப்புக் கட்டணத்தைக் கட்டுவது.

தேர்வாகவில்லை என்றால் காரணம் கேளுங்கள், சொல்வோம். போன வருடம் தள்ளப்பட்ட விண்ணப்பங்களில் ஒன்றில் மூன்று குறிப்பிலும் ஒரே லான்ஸ் கோப்பரலின் பெயர் மூன்று விதமாக எழுதியிருந்தது.

கடைசி வேலை, முதல் நாளே செய்ய வேண்டியது

பணம் தீரும் நாளில் மிச்சம் எங்கே போகும் என்பதைத் தொடக்கத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அந்த மிச்ச 400 வெள்ளிக்காக நல்ல மனிதர்கள் பேச்சு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் தீர்மானத்தில் அது மாமா படித்த தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு என்று இருக்கிறது. படங்கள் யாருக்கு என்பது தனித் தீர்மானம். ராணுவப் பணியில் எடுத்தவை என்பதால் முதலில் படையிடம் கேட்டோம், பட்டியல் அனுப்பச் சொன்னார்கள். இப்போது சனிக்கிழமை பிற்பகல்களில் அத்தை ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பெயரைப் படிக்கிறார், நான் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்கிறேன். பாதி டின் முடிந்திருக்கிறது.